சவர நுரைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

கிண்ணம் நிறைய வெள்ளை வெளேரென்று நுரை. பிரஷைத் தூக்கினால் நுனியில் கூம்பாக நிற்கிறது, சாய்வதே இல்லை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. முகம் முழுக்கப் பூசிக்கொண்டு ரேசரைக் கன்னத்தில் வைத்து இழுத்தால், பிளேடு வழுக்கிப் போகாமல் தயங்கித் தயங்கிப் போகிறது. தாடைக்குக் கீழே வந்ததும் எரிச்சல் தொடங்குகிறது. பிரஷும் சோப்பும் கொண்டு சவரம் செய்யத் தொடங்குகிறவர்களில் பலரும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். நானும் முதல் சில மாதங்கள் பிளேடை மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகு சோப்பை மாற்றினேன். குறை இரண்டிலும் இல்லை. நுரையில் தண்ணீர் போதவில்லை, அவ்வளவுதான்.

தண்ணீர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரிந்துவிட்டால் கை தானாகவே சரியாக வேலை செய்யும். அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

தாடி முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. உலர்ந்திருக்கும்போது விறைப்பாக இருக்கும். தண்ணீரில் ஊறினால் தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை நீரை உள்ளே வாங்கிக்கொண்டு உப்பும், இளகும். இளகிய முடியை வெட்டுவதற்கு பிளேடுக்கு மிகக் குறைந்த விசை போதும். ஆனால் முடி நொடியில் ஊறிவிடாது. 2 அல்லது 3 நிமிடமாவது ஈரம் அதன்மேல் நிற்க வேண்டும். வெறும் தண்ணீரைத் தெளித்தால் அது நிற்பதில்லை. முகத்திலுள்ள எண்ணெய்ப் பசை அதைத் தள்ளிவிடுகிறது, மிச்சம் கழுத்து வழியே ஓடிவிடுகிறது.

சோப்பு இங்கேதான் உதவிக்கு வருகிறது. தூய தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். சோப்பு கலந்ததும் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். துளித்துளியாக உருண்டு நின்ற தண்ணீர் இப்போது பரவி ஒட்டிக்கொள்கிறது, எண்ணெயைக் கரைத்து அகற்றி முடியை முழுதாக நனைக்கிறது. அந்தச் சோப்புத் தண்ணீரைக் காற்றோடு சேர்த்து அடித்து நுரையாக்கினால் வழிந்து ஓடாமல் முகத்திலேயே தங்குகிறது. சவர நுரை என்பது தண்ணீரை முகத்தில் நிறுத்திவைக்கும் ஏற்பாடு. காற்று அதற்கு ஒரு துணை மட்டுமே.

நுரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரேசரின் தலை முன்னே நகரும்போது நுரையில் பெரும்பகுதியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். பிளேடின் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே மிஞ்சுவது சோப்பும் தண்ணீரும் கலந்த ஒரு மெல்லிய படலம். வழுக்கலைத் தருவதும் தோலைக் காப்பதும் அந்தப் படலம்தான். முகத்தில் ஓர் அங்குல உயரத்துக்கு நுரை நின்றாலும் அடியில் இந்தப் படலம் இல்லையென்றால் பயனில்லை. படலம் நன்றாக அமைந்துவிட்டால், தோல் லேசாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சு இருந்தாலும் பிளேடு சறுக்கிக்கொண்டு போகும்.

குமிழியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரஷ் எதற்கு என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. சிறிய குமிழிக்குள் காற்றழுத்தம் அதிகம், பெரிய குமிழிக்குள் குறைவு. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது சிறியதிலிருந்து காற்று படலத்தின் வழியே மெல்லக் கசிந்து பெரியதற்குப் போய்ச் சேரும். பெரியது மேலும் பெருத்து உடையும், சிறியது காணாமல் போகும். இதற்கிடையே தண்ணீரும் கீழே வடிந்துகொண்டிருக்கும். எல்லாக் குமிழிகளும் ஒரே அளவில், தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதாக இருந்தால் இந்தச் சிதைவு மிக மெதுவாக நடக்கும். பிரஷின் ஆயிரக்கணக்கான முடி நுனிகள் செய்வது அதைத்தான். ஒவ்வொரு சுழற்சியிலும் பெரிய குமிழிகளைக் கிழித்துச் சிறிதாக்குகின்றன. விரல்களால் தேய்த்து இந்த நுரையைக் கொண்டுவர முடியாது.

குளிக்கும் சோப்பை வைத்து இதைச் செய்யலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. நுரை வரும், நிற்காது. குளியல் சோப்புகள் பெரும்பாலும் சோடியம் காரத்தால் செய்யப்படுகின்றன. அவற்றில் சேரும் தேங்காய் எண்ணெய் போன்றவை சட்டென்று பெரிய குமிழிகளைத் தரும், அவை அதே வேகத்தில் உடைந்தும் போகும். சவர சோப்பில் ஸ்டியரிக் அமிலம் நிறைய இருக்கும். சோடியத்தோடு பொட்டாசியம் காரமும் சேர்ந்திருக்கும். ஸ்டியரிக் அமிலம் தரும் நுரை மெதுவாக எழும், ஆனால் அடர்த்தியாக நெடுநேரம் நிற்கும். பொட்டாசியம் அந்தச் சோப்பை மென்மையாக்கித் தண்ணீரில் எளிதாகக் கரைய வைக்கிறது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. உறையில் உள்ள பட்டியலின் தொடக்கத்திலேயே ஸ்டியரிக் அமிலமோ பொட்டாசியம் ஸ்டியரேட்டோ இருந்தால் நம்பி வாங்கலாம். குழாயிலோ டப்பாவிலோ வரும் சவர கிரீமும் இதே குடும்பம்தான். தண்ணீர் ஏற்கெனவே கொஞ்சம் கலந்திருப்பதால் வேகமாக நுரைக்கும், அவ்வளவே வேறுபாடு.

பிரஷ் விஷயத்தில் நான் நீட்டி முழக்கப் போவதில்லை. பேட்ஜர் என்ற விலங்கின் முடி தண்ணீரை நிறையப் பிடித்து வைக்கும், நுனி மிருதுவானது. பன்றி முடி விறைப்பானது. புதிதாக வாங்கியதும் சில வாரங்கள் பழக்க வேண்டும், பழகப் பழக நுனிகள் பிளந்து மிருதுவாகும். குதிரை முடி இரண்டுக்கும் நடுவில். செயற்கை இழை தண்ணீரை உறிஞ்சாது, ஊறவைக்கத் தேவையில்லை, சீக்கிரம் காயும், விலங்கு வாசனையும் இருக்காது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் செயற்கை இழையைத்தான் சொல்வேன். பிரஷே தண்ணீரைக் குடித்துக்கொள்ளாததால், நுரையில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்ற கணக்கு பிசகாது. கற்றுக்கொள்ளும்போது அது பெரிய உதவி. இடையில் ஒன்று: பழம்பொருள் ஆசையில் முதல் உலகப் போர்க் காலத்துக் குதிரை முடி பிரஷ் ஏதாவது கிடைத்தால் முகத்தில் வைக்காதீர்கள். அந்த நாட்களில் சரியாகத் தூய்மை செய்யப்படாத பிரஷ்களால் படைவீரர்களுக்கும் பிறருக்கும் ஆந்த்ராக்ஸ் நோய் வந்திருக்கிறது. அலமாரியில் பார்வைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சோப்பை எடுப்பது

நுரை சரியாக வராததற்கு முதல் காரணம் பிரஷில் ஏறும் சோப்பு போதாமல் போவது. தண்ணீர் போதாமல் போவது இரண்டாவது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சோப்பு குறைவாக இருந்தால், தேவையான தண்ணீரைச் சேர்த்ததுமே நுரை நீர்த்துவிடும். உடனே பயந்து தண்ணீரைக் குறைப்போம். நுரை நிற்கும், வழுக்கல் இருக்காது. அதனால் தொடக்கத்திலேயே சோப்பைத் தாராளமாக எடுத்துவிடுவது நல்லது.

விலங்கு முடி பிரஷ் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் ஊறட்டும். சோப்புக் கட்டி கெட்டியானதாக இருந்தால் அதன்மேலும் ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான நீரை ஊற்றி வைத்துவிட்டு முகம் கழுவப் போகலாம். ஸ்டியரிக் அமிலச் சோப்பு குளிர்ந்த நீரில் எளிதில் கரையாது. மிதமான சூட்டில் மேற்பரப்பு இளகிவிடும். கொதிக்கும் சூடு வேண்டாம். அது முடிக்கும் நல்லதல்ல, பிரஷின் அடியிலுள்ள பசைக்கும் நல்லதல்ல.

பிரஷை எடுத்துத் தண்ணீரை வடியவிடுங்கள். ஒருமுறை மெதுவாகப் பிழிந்து, ஓரிரு முறை உதறுங்கள். ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. கட்டிமேல் நின்ற தண்ணீரைச் சாய்த்துவிட்டு, பிரஷின் நுனியை அதன்மேல் வைத்துச் சுழற்றுங்கள். முதல் சில நொடிகளில் பெரிய பெரிய குமிழிகள் வரும். பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் குமிழிகளை நம்ப வேண்டாம். தொடர்ந்து சுழற்றினால் குமிழிகள் மறைந்து, பசைபோல அடர்ந்த வெள்ளைப் பூச்சு முடிகளுக்கிடையே ஏறத் தொடங்கும். 30 நொடிவரை சுழற்றலாம். கட்டி மிகக் கெட்டியென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. பிரஷை விரலால் பிரித்துப் பார்த்தால் நுனியிலிருந்து பாதி உயரம்வரை பசை அப்பியிருக்க வேண்டும். இந்த நிலையில் அது நுரையே அல்ல. மங்கலாக, ஒட்டும் பிசினாக இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். கிரீம் என்றால் இந்தச் சுழற்றல் எல்லாம் வேண்டாம். கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு எடுத்து பிரஷின் நடுவில் வைத்தால் போதும்.

தண்ணீர் சேர்ப்பது

இனி நிதானம் வேண்டும். பக்கத்தில் ஒரு சிறு கோப்பையில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பிரஷைக் கிண்ணத்தில் வைத்துச் சுழற்றத் தொடங்குங்கள். சில நொடிகளில் பசை கிண்ணத்தின் சுவரில் திட்டுத் திட்டாக ஒட்டும். பிரஷ் நகரும்போது கையில் ஓர் இழுப்பு தெரியும். காதில் உலர்ந்த சரசரப்பு கேட்கும். இப்போது பிரஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டெடுத்து, மறுபடியும் 10 அல்லது 15 நொடி சுழற்றுங்கள். தண்ணீர் உள்ளே கலக்கும்வரை பொறுங்கள், அதற்குள் அடுத்த சொட்டைச் சேர்க்க வேண்டாம். மறுபடி தொட்டு, மறுபடி சுழற்றுங்கள்.

மூன்றாவது நான்காவது முறையில் நுரை உப்பி எழும். கூம்பாக நிற்கும், பால் வெள்ளையாக இருக்கும், கிண்ணம் நிறையும். மனம் நிறைந்து பெரும்பாலோர் ரேசரை எடுப்பது இங்கேதான். உற்றுப் பாருங்கள்: மேற்பரப்பில் பளபளப்பு இருக்காது. சுண்ணாம்பு அடித்த சுவர்போல மங்கிக் கிடக்கும். கூம்பின் நுனி கூராக விறைத்து நிற்கும். இந்த நுரையில் காற்று மிகுதி, தண்ணீர் குறைவு. முகத்தில் பூசினால் ஒரு நிமிடத்தில் ஓரங்கள் காயத் தொடங்கும்.

நிறுத்தாதீர்கள். இன்னும் இரண்டு மூன்று முறை நுனியை நனைத்துச் சுழற்றுங்கள். நுரையின் அளவு ஏறாது, சற்று அமுங்கவும் செய்யலாம். கவலை வேண்டாம். சரசரப்பு அடங்கி ஓசையே ஏறக்குறைய இல்லாமல் போகும். பிரஷைத் தூக்கினால் கூம்பின் நுனி மெல்ல வளைந்து தலை குனியும். மேற்பரப்பில், ஈரம் காயாத பெயின்ட்டில் தெரிவதுபோல, விளக்கின் வெளிச்சம் பட்டுத் தெரியும். குமிழி என்று ஒன்றுகூடத் தனியாகக் கண்ணில் படாது. நாம் தேடிவந்த நுரை இதுதான்.

இதற்குமேலும் தண்ணீர் சேர்த்தால் ஊசிமுனைக் குமிழிகள் மேலே தோன்றும், பிறகு அவை பெருக்கும், நுரை தளர்ந்து கிண்ணத்தின் அடியில் தண்ணீராகத் தேங்கும். இந்த எல்லையை ஒருமுறை வேண்டுமென்றே தாண்டிப் பார்ப்பது மிக நல்ல பயிற்சி. சவரம் செய்யாத ஒரு நாளில், அவசரம் இல்லாத நேரத்தில், நுரையைக் கட்டி, தண்ணீரைச் சேர்த்துக்கொண்டே போய், அது உடையும்வரை விடாதீர்கள். மங்கல், பளபளப்பு, குமிழி, தண்ணீர் என்று ஒவ்வொரு நிலையையும் கண்ணால் பார்த்துவிட்டால் எங்கே நிற்க வேண்டும் என்பது கைக்குத் தெரிந்துவிடும். எனக்குப் பல மாதங்கள் பிடிபடாதது அப்படி ஒரே நாளில் பிடிபட்டது.

விரலாலும் சோதிக்கலாம். கொஞ்சம் நுரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தித் தேயுங்கள். வெண்மை மறைந்தபிறகும் விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தால் சரி. ஒட்டிப் பிடித்தால் தண்ணீர் வேண்டும். வழுக்கவும் இல்லாமல் வெறும் தண்ணீர்போல ஓடினால் சோப்பு போதவில்லை என்று பொருள். அப்போது பிரஷைக் கட்டிமேல் வைத்து இன்னும் 10 நொடி சுழற்றி எடுத்துக்கொள்ளலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கிண்ணமே இல்லாமல் முகத்திலேயே நுரை கட்டுகிறவர்களும் உண்டு, நானும் இப்போது அப்படித்தான். சோப்பேறிய பிரஷை ஈரமான கன்னத்தில் வைத்துச் சிறு வட்டங்களாகச் சுழற்றி, இடையிடையே நுனியை நனைத்துக்கொள்வது. முடி ஊறுவதற்கான நேரமும் அதிலேயே கிடைத்துவிடும், மடங்கிக் கிடக்கும் முடிகளும் தூக்கி நிற்கும். தோல் சீக்கிரம் சிவந்துபோகிறவர்களுக்குக் கிண்ணம்தான் ஏற்றது. எந்த வழியானாலும் பிரஷை அழுத்தித் தேய்க்க வேண்டாம். நுனிகள் வேலை செய்தால் போதும். நசுக்கி நசுக்கித் தேய்த்தால் நாளடைவில் நடுவிலுள்ள முடிகள் அடியோடு ஒடிந்துபோகும். வட்டமாகத் தேய்த்து முடித்ததும், கடைசியில் பெயின்ட் அடிப்பதுபோல மேலும் கீழும் நாலு முறை தடவினால் பூச்சு ஒரே சீராகிவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் நுரை எழாவிட்டால்

அப்போது குழாய்த் தண்ணீரைச் சந்தேகியுங்கள். கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். அவை சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத வெண்ணிறப் படிவாக மாறிவிடும். குளியலறைத் தரையிலும் வாளியின் ஓரத்திலும் பிடிக்கும் அதே படிவுதான். அப்படி வீணாகும் சோப்பு நுரைக்கு உதவாது. நுரை மெலிந்து, பூசிய சிறிது நேரத்திலேயே மறைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. வடிகட்டி சுத்திகரித்த குடிநீரையோ காய்ச்சி வடித்த நீரையோ ஒரு கோப்பை எடுத்து, அதே சோப்பு, அதே பிரஷ் கொண்டு நுரை கட்டிப் பாருங்கள். நுரை பொங்கி வந்தால் குற்றம் குழாய்த் தண்ணீருடையது. ஒரு சவரத்துக்கு ஒரு கோப்பைக்கும் குறைவான தண்ணீரே நுரைக்குத் தேவை என்பதால் அதற்கு மட்டும் நல்ல நீரை வைத்துக்கொள்ளலாம். கொதிக்கவைத்து ஆறியதும் தெளிந்த நீரை மேலாக எடுத்துப் பயன்படுத்தினால் கடினத்தில் ஒரு பகுதி குறையும், முழுதாகப் போகாது. வேறு வழி இல்லையென்றால் சோப்பைக் கூடுதலாக எடுப்பதுதான் தீர்வு.

முகத்தில் பூசியபிறகும் நுரை மாறிக்கொண்டேதான் இருக்கும். ஒரு கன்னத்தை மழிக்கும் நேரத்தில் மறு கன்னம் காயத் தொடங்கலாம். ஈரப் பிரஷால் ஒருமுறை தடவினால் மீண்டும் உயிர் வந்துவிடும். காய்ந்த இடத்தில் பிளேடை வைக்கவே கூடாது, மழித்த இடத்தில் நுரையில்லாமல் மறுபடி இழுப்பதும் கூடாது. எரிச்சலில் பாதி இந்த இரண்டாலும் வருகிறது. முடி வளரும் திசையில் முதல் சுற்று முடிந்ததும் முகத்தை நனைத்து, பிரஷில் மிச்சமிருக்கும் நுரையை மீண்டும் பூசுங்கள். இந்த இரண்டாம் பூச்சுக்கு முதல் பூச்சைவிடச் சற்றுக் கூடுதலாகவே தண்ணீர் இருக்கலாம். முடி குட்டையாகிவிட்டது, இப்போது வழுக்கல்தான் தேவை. சோப்பைச் சரியாக எடுத்திருந்தால் மூன்று சுற்றுக்கும் பிரஷிலேயே நுரை மிச்சமிருக்கும்.

சவரம் முடிந்ததும் முகத்தை நன்றாகக் கழுவிவிட வேண்டும். சோப்பு காரத்தன்மை உள்ளது, அதன் பி.எச். அளவு 9-க்கும் 10-க்கும் இடையில் இருக்கும். தோலோ லேசான அமிலத்தன்மை உடையது. முடியை இளக்க உதவிய அதே காரம் தோலில் தங்கிவிட்டால் இறுக்கமாகவும் வறட்சியாகவும் உணர்வோம்.

பிரஷை ஓடும் நீரில் பிடித்து, விரல்களால் அடிமுடிவரை பிரித்து, பிழியும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். சோப்பு அடியில் தங்கிக் காய்ந்தால் முடி விறைத்து ஒடியும். முறுக்கிப் பிழிய வேண்டாம். உள்ளங்கையில் அழுத்தி, நாலு முறை உதறி, துண்டில் மேலும் கீழும் தடவிவிட்டுக் காற்றுபடும் இடத்தில் வையுங்கள். மூடிய பெட்டிக்குள் ஈரத்தோடு போட்டால் பூஞ்சை பிடிக்கும். மறுநாள் காலை, நனைப்பதற்கு முன், அடிமுடியை விரலால் தொட்டுப் பாருங்கள். அங்கே இன்னும் ஈரம் இருந்தால் அது காய்வதற்கு ஒரு நாள் போதவில்லை, இன்னொரு பிரஷை வாங்கி இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.